ஆகஸ்டில் ஆறு நாள்

தேசிய முன்னணி என்று சொன்னால் இன்றைக்கு நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. வி.பி. சிங் என்றால் மண்டல் என்பார்கள்; அத்தோடு சரி. மண்டல் பரிந்துரையைக் கையில் எடுத்த அரசு 343 நாள்தான் இருந்தது என்பதும், அந்த அறிவிப்பு ஏன் குறிப்பாக 1990 ஆகஸ்ட் 7ஆம் தேதி வந்தது என்பதும் மறந்துபோயின. அந்த 343 நாளும் நான் தில்லியில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் உதவியாளன். ராமகிருஷ்ணபுரத்தில் குவார்ட்டர்ஸ். அதிகாரத்துக்கு அருகில் இருந்தேன் என்று பீற்றிக்கொள்ள முடியாது. கோப்புகளுக்கு அருகில் இருந்தேன்.

முன்னணி எழுந்த கதை சுருக்கமானது. 1987 ஏப்ரலில் ராஜீவ் காந்தியின் அமைச்சரவையிலிருந்து வி.பி. சிங் விலகினார். சில நாட்களிலேயே ஸ்வீடன் வானொலி போஃபர்ஸ் பீரங்கி விவகாரத்தைப் போட்டு உடைத்தது. 1988 ஜூனில் அலகாபாத் இடைத்தேர்தலில் மோட்டார் சைக்கிளில் சுற்றி ஓட்டுக் கேட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். 'ராஜா இல்லை, பக்கிரி' என்று கோஷம் போட்டார்கள். மாண்டா சமஸ்தானத்து ராஜாவைப் பக்கிரியாகப் பார்க்க வட இந்தியாவுக்கு அப்படி ஓர் ஆசை. செப்டம்பரில் சென்னையில் முன்னணியின் தொடக்க விழா. என்.டி. ராமராவ் தலைவர், வி.பி. சிங் அமைப்பாளர், தி.மு.க.வும் அசாம் கண பரிஷத்தும் உள்ளே. அக்டோபரில் ஜன மோர்ச்சா, ஜனதா கட்சி, லோக்தளம் எல்லாம் பெங்களூரில் கரைந்து ஜனதா தளம் ஆயின.

1989 நவம்பர் தேர்தல் முடிவில் ஒரு வேடிக்கை இருந்தது. முன்னணிக்குப் பிறந்தவீடு தெற்கு. அங்கே தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. தெலுங்கு தேசத்துக்கு 2. அசாமில் தேர்தலே நடக்கவில்லை. ஜனதா தளத்தின் 143 இடங்கள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசம், பீகார், ஒரிசா, ராஜஸ்தான், குஜராத்திலிருந்து வந்தவை. 197 இடங்களோடு காங்கிரஸ்தான் தனிப்பெரும் கட்சி. 2 இடங்களிலிருந்து 85க்குத் தாவிய பா.ஜ.க.வும், இடதுசாரிகளும் வெளியே நின்று கை கொடுத்ததால் அரசு அமைந்தது. முரசொலி மாறன், உபேந்திரா, தினேஷ் கோஸ்வாமி என்று மாநிலக் கட்சிகளின் சார்பில் அமைச்சரான மூவரும் மாநிலங்களவை உறுப்பினர்கள். ஓட்டு வராத இடத்துக்கும் மரியாதை கொடுத்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் நல்ல விஷயமாகவே தோன்றுகிறது.

வாரத்துக்கு ஒருநாள் பிரதமர், பா.ஜ.க. தலைவர்களோடும் இடதுசாரிகளோடும் இரவு உணவுக்கு உட்கார்ந்து பேசுவார். இந்த இரண்டு ஊன்றுகோல்களில் எது முதலில் நழுவும் என்பதுதான் அன்றைக்கு எங்கள் கேன்டீனில் பேச்சு. விரிசல் விட்டதென்னவோ சொந்த வீட்டுச் சுவர்தான்.

அது முதல் நாளே விட்டுவிட்டது. 1989 டிசம்பர் 1, நாடாளுமன்ற மைய மண்டபம். ஜனதா தளத் தலைவர் தேர்வு. வி.பி. சிங் எழுந்து தேவிலால் பெயரை முன்மொழிந்தார். சந்திரசேகர் வழிமொழிந்தார். மது தண்டவதே, தேவிலால் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்தார். தேவிலால் நன்றி சொல்ல எழுந்தார். ஹரியானாவில் எல்லோரும் தன்னைத் தாவூ, அதாவது பெரியப்பா, என்று கூப்பிடுகிறார்கள். தாவூவாகவே இருந்துவிடுகிறேன் என்று சொல்லி, வி.பி. சிங் பெயரை முன்மொழிந்துவிட்டு உட்கார்ந்தார். (தமிழில் எழுதினால் கட்சி தாவச் சொல்வது மாதிரி இருக்கிறது, நான் என்ன செய்ய?) சந்திரசேகருக்கு முகம் கறுத்தது. வி.பி. சிங் பிரதமராகக் கூடாது என்பதற்காகத்தான் அவர் தேவிலாலை வழிமொழிந்திருந்தார். ஏமாற்றப்பட்டதாகச் சொல்லி வெளியேறினார். அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் அந்த அரசின் ஆளாக இருக்கவில்லை.

மறுநாள் பதவியேற்பு. குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 'மந்திரி' என்று படிக்க, தேவிலால் 'உப பிரதான மந்திரி' என்றார். நம்ம ஊர்க்காரர் திருத்தினார். தாவூ மறுபடியும் உப பிரதான மந்திரிதான் என்றார். அந்தப் பிரமாணம் செல்லுமா என்று கேட்டு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

எங்கள் செக்‌ஷனில் என் பக்கத்து மேஜைக்காரர் ரோஹ்தக் பக்கத்து ஜாட் விவசாயக் குடும்பத்தவர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். நான் அவரை பாய்சாப் என்பேன். குளிர்காலத்தில் கம்பு ரொட்டியும் வெண்ணெயும் கொண்டுவந்து எனக்கும் வைப்பார். அன்றைக்கு அவருக்குத் தரை காலில் படவில்லை. 'பார்த்தீர்களா, தாவூ தன் பகடியைக் கழற்றி இன்னொருத்தர் தலையில் வைத்துவிட்டார். உங்கள் மதராசில் யாராவது செய்வார்களா?' என்றார். தேவிலாலை விவசாயிகள் சும்மா கொண்டாடவில்லை. 1990இல் மத்திய அரசு பத்தாயிரம் ரூபாய் வரையிலான விவசாயக் கடன்களைத் தள்ளுபடி செய்ததில் அவர் பங்கு பெரிது.

ஆனால் தில்லிக்கு வந்த தாவூ, ஹரியானா முதலமைச்சர் நாற்காலியை மகன் ஓம் பிரகாஷ் சௌதாலாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். சௌதாலா அப்போது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. 1990 பிப்ரவரியில் மேஹம் இடைத்தேர்தலில் நின்றார். வாக்குச்சாவடிகள் கைப்பற்றப்பட்டன, மறு வாக்குப்பதிவு நாளில் துப்பாக்கிச் சூடு, தேர்தல் ரத்து. மே மாதம் பதவி விலகினார். வேறு தொகுதியில் ஜெயித்து ஜூலையில் மீண்டும் முதலமைச்சரானார். அருண் நேருவும் ஆரிப் முகமது கானும் அமைச்சரவையிலிருந்து விலகினார்கள். பிரதமரே ராஜிநாமாக் கடிதம் எழுதினார். ஐந்தே நாளில் சௌதாலா இறங்கினார். தேவிலால் சக அமைச்சர்கள் மீது ஊழல் புகார் சொல்ல ஆரம்பித்தார். ஆகஸ்ட் 1ஆம் தேதி வி.பி. சிங் அவரைப் பதவி நீக்கம் செய்தார். தாவூ ஆகஸ்ட் 9ஆம் தேதி போட் கிளப் மைதானத்தில் விவசாயிகள் பேரணி என்று அறிவித்தார்.

7ஆம் தேதி மண்டல் வந்தது.

அந்த ஆறு நாளைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன். மண்டல் ஆணையத்தை 1979இல் அமைத்தது மொரார்ஜி தேசாயின் ஜனதா அரசு. 1980 டிசம்பர் கடைசி நாளில் அறிக்கை கொடுக்கப்பட்டது. இந்திராவும் ராஜீவும் அதைத் தொடவில்லை. முன்னணியின் தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி இருந்தது. அரசு அமைந்ததும் அதற்காக ஒரு கமிட்டியும் போடப்பட்டது. கமிட்டியின் தலைவர் யார் என்று நினைக்கிறீர்கள்? தேவிலால். மண்டல் பட்டியலில் ஜாட்கள் இல்லை. அவருக்கு அதில் என்ன அக்கறை இருந்திருக்கும்? கோப்பு தூங்கியது. இடதுசாரிகளில் மார்க்சிஸ்டுகள் பொருளாதார அளவுகோல் கேட்டார்கள். பா.ஜ.க.வுக்கு இதில் நாட்டமே இல்லை. எல்லோரையும் கேட்டுக்கொண்டு எல்லோரும் சம்மதித்த பிறகு என்று இருந்திருந்தால் அது இன்னும் பத்து வருஷம் தூங்கியிருக்கும். வீடு உடைந்ததால்தான் விழித்துக்கொண்டது. கை கொடுத்த கட்சிகளைக் கலந்துகொள்ளாமல் செய்தார் என்று பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் குறைபட்டுக்கொண்டன. வாஸ்தவம்தான். கலந்துகொள்ளும் கட்டத்தைத் தாண்டிவிட்டதால்தான் அது நடந்தது என்பது என் எண்ணம்.

தேவிலாலின் கூட்டத்தைக் கலைக்கப் போட்ட தந்திரம் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தேதியைத் தேர்ந்தெடுத்தது தந்திரம்தான். கோப்பில் இருந்த விஷயம் தந்திரமா என்பது வேறு கேள்வி.

எனக்கு அது எப்படிப் பட்டது என்றும் சொல்ல வேண்டும். அப்பா சேலம் பக்கத்தில் கைத்தறி நெய்தவர். தமிழ்நாட்டில் பிற்பட்டோர் இடத்தில் கல்லூரிக்குள் போன என் குடும்பத்து முதல் ஆள் நான். மத்திய அரசுத் தேர்வில் அப்படி இடம் எதுவும் அப்போது கிடையாது. எனக்கு எப்படியோ கிடைத்துவிட்டது, தம்பி இரண்டு முறை எழுதித் தோற்று மறுபடி தறியில் உட்கார்ந்தான். எங்கள் செக்‌ஷன் ஆபீசர் கும்பகோணத்துக்காரர். அவருடைய அப்பா, மதராசில் அரசு வேலை வகுப்புவாரியாகப் பிரிந்ததால் ரயிலேறி வந்து கரோல்பாகில் குடியேறிய தலைமுறை. அறிவிப்பு வந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் கோப்பைக் கட்டிவைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: 'அங்கே இல்லேன்னு இங்கே வந்தோம். இப்போ இங்கேயும் வந்துடுத்து. என் பையன் எங்கே போவான், சொல்லுங்கோ?' குரலில் கோபம் இல்லை. 'சார், என் தம்பி எங்கேயும் போகலை சார்' என்றேன். இருவரும் சேர்ந்துதான் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். அவருடைய பையன் அமெரிக்கா போனான், அது அப்புறம்.

செப்டம்பர் மாதம் தில்லி எரிந்தது. தேஷ்பந்து கல்லூரி மாணவர் ஒருவர் 19ஆம் தேதி தன்மேல் தீ வைத்துக்கொண்டார். வேறு ஊர்களிலும் அப்படிப் பிள்ளைகள் செத்தார்கள். பஸ்கள் எரிந்தன, பல நாள் அலுவலகத்துக்கு நடந்தே போனோம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இருந்த 22.5 சதவீதத்தோடு இந்த 27ஐச் சேர்த்தால் 49.5. பாதி கூட இல்லை. ஆனால் ஆங்கிலப் பத்திரிகைகளைப் படித்தால் எல்லா வேலையும் போய்விட்டது போல இருந்தது. தமிழ்நாட்டில் அந்த மாதங்களில் இப்படி ஒரு கொந்தளிப்பும் இல்லை என்று நான் சொன்னால் அலுவலகத்தில் நம்பமாட்டார்கள்.

மற்றது எல்லோருக்கும் தெரிந்ததே. செப்டம்பர் 25இல் அத்வானி சோமநாதபுரத்திலிருந்து ரதம் ஏறினார். அக்டோபர் 23இல் சமஸ்திபூரில் லாலு அரசு அவரைக் கைது செய்ய, பா.ஜ.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. நவம்பர் 5இல் ஜனதா தளம் உடைந்தது. 7ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு 142, எதிராக 346. ஏறத்தாழ 60 பேரோடு சந்திரசேகர், காங்கிரஸ் தயவில் பிரதமரானார். தேவிலால் மறுபடியும் துணைப் பிரதமர்.

முன்னணியோடு கடைசிவரை நின்ற தி.மு.க. அதற்கு விலை கொடுத்தது. 1991 ஜனவரி 30இல் கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைத்தார்கள். சந்திரசேகரும் நீடிக்கவில்லை. ராஜீவ் வீட்டை வேவு பார்த்ததாக இரண்டு ஹரியானா போலீஸ்காரர்கள் பிடிபட, மார்ச் 6இல் ராஜிநாமா. எல்லாம் சுற்றி ஹரியானாவிலேயே வந்து நின்றது.

வி.பி. சிங் 2008 நவம்பர் 27இல் இறந்தபோது தொலைக்காட்சிகள் முழுக்க மும்பைத் தாக்குதலைக் காட்டிக்கொண்டிருந்தன. 2023இல் அதே தேதியில் அவருக்குச் சென்னை மாநிலக் கல்லூரியில் சிலை திறந்தார்கள். 27 சதவீதத்தை உச்ச நீதிமன்றம் 1992 நவம்பரில் உறுதி செய்து, 1993 செப்டம்பரில் உத்தரவு வந்தது. என் தம்பியின் மகள் அந்த இடத்தில் மத்திய அரசு வேலைக்கு வந்தாள். சேர்ந்த அன்று தம்பி போன் செய்தான். மண்டல் பற்றி ஒன்றும் பேசவில்லை. குவார்ட்டர்ஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டான்.

பாய்சாப் ஆகஸ்ட் 9ஆம் தேதிப் பேரணிக்கு லீவு போட்டுவிட்டுப் போனவர். ஓய்வுபெற்று ரோஹ்தக்கிலேயே இருக்கிறார். ஜாட்களை 2014 மார்ச்சில் மத்திய அரசு பிற்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. அடுத்த மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் ஜாட்கள் இடஒதுக்கீடு கேட்டுக் கிளர்ச்சி செய்தபோது ரோஹ்தக் எரிவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அவருக்கு போன் செய்தேன். பேரன் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருக்கிறானாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, 'அந்தக் கமிட்டி தாவூ கையில்தானே இருந்தது?' என்று கேட்டார். ஆமாம் பாய்சாப் என்றேன். தெருவில் ஊரடங்கு, பால் வரவில்லை என்று பேச்சை மாற்றினார்.