ஞாபகசக்தி எத்தனை படி?

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் பேசப் போகிறவள் என்று எங்கள் வீட்டில் எனக்கு நெடுநாளாகப் பெயர். ஆனால் சகோதரிகளே, போன தீபாவளிச் சமயத்தில் நான் செய்த அசட்டுத்தனத்துக்கு என் ஞாபக மறதி காரணமில்லை. கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியைப் பற்றி ஒன்றும் தெரியாமலே, எல்லாம் தெரிந்தவள் போல் தலையாட்டியதுதான் காரணம். காலேஜில் படித்துப் பத்திரிகையில் எழுதுகிறவள் "எனக்குத் தெரியாது" என்று கடைக்காரரிடம் சொல்லலாமா? கௌரவம் என்ன ஆவது?

என் அக்காவின் பெண் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த தலம் என்றுதான் எங்கள் பாட்டி சொல்வாள். இன்றைக்கு அதே சாலையில் விடியற்காலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். 2006-ல் நோக்கியா தொழிற்சாலை திறந்தார்கள், 2014-ல் மூடினார்கள். டெல் கம்பெனி 2007-ல் வந்தது. கம்ப்யூட்டரும் டெலிபோனும் காரும் அங்கே உருவாகி ஊர் ஊராகப் போகின்றன. அவற்றைப் பூட்டுகிற கைகளில் எத்தனையோ நம் வீட்டுப் பெண்களின் கைகள்!

அக்கா பெண் ஹாஸ்டலில் தங்கி, ராத்திரி ஷிப்டும் பார்த்து, சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தாள். வாலாஜாபாத்தில் இருக்கும் தம்பி காலேஜில் சேர்ந்துவிட்டான். அவனுக்கு ஒரு லாப்டாப் வேண்டும். படிப்புக்குத்தான் என்றாலும், புதிய விளையாட்டுகளும் அதில் ஓடவேண்டும் என்பது பையனின் ஆசை. "சித்தி, நீங்க கூட வாங்க. உங்களுக்குத்தான் விவரம் தெரியும்" என்றாள்.

சென்னையில் ஒரு கடைக்குப் போனோம். "பதினாறு ஜி.பி. மெமரி, மேடம்! குதிரை மாதிரி ஓடும்" என்றார் கடைக்காரர். "பதினாறா? தாராளம்!" என்றேன், புடவைக்கு முழம் போடுகிறவள் போல. அந்தப் பெண் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தாள்.

பத்து நாள் கழித்து வாலாஜாபாத் போயிருந்தேன். பையன் ஆசையாக ஒரு புதிய விளையாட்டைப் போட்டுக் காட்டினான். வீரனின் முகம் சாந்து பூசிய சுவர் மாதிரி இருந்தது. மரங்களெல்லாம் களிமண் உருண்டை. நாலு அடி நடந்தால் படம் நின்றுவிடுகிறது, பிறகு குதிக்கிறது, மறுபடியும் நிற்கிறது. "கிராபிக்ஸ் கார்டுக்கு நாலு ஜி.பி.தான், சித்தி. பரவாயில்லை" என்றான் பையன். அவன் கோபித்துக் கொண்டிருந்தால்கூடத் தேவலை!

சென்னை திரும்பியதும், வாங்குமுன் விசாரிக்க வேண்டியதை வாங்கிய பின் விசாரித்தேன். விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்குள் இரண்டு ஞாபகசக்திகள் உண்டு. ஒன்று பொதுவானது, கடைக்காரர் சொன்ன பதினாறு அது. மற்றொன்று, படம் வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கே சொந்தமானது. முதலாவதைப் பல லாப்டாப்புகளில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். இரண்டாவதைக் கார்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கிய அன்று எத்தனையோ, கடைசிவரை அத்தனைதான்.

திரையில் தெரியும் படத்துக்கு அதிக இடம் வேண்டாம். 1920-க்கு 1080 புள்ளி கொண்ட ஒரு படம் சுமார் 8 எம்.பி.தான். இடத்தை விழுங்குவது சுவரின் காரை, சட்டையின் நெசவு, முகத்தின் சுருக்கம் இவற்றுக்கான மேல்பூச்சுப் படங்கள். 4096 புள்ளி சதுரமான ஒரு பூச்சு, சுருக்காமல் வைத்தால் 64 எம்.பி.; சுருக்கி வைத்தாலும் 16 எம்.பி. ஒரே காட்சியில் இப்படி நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால்?

இதை நான் டெலிபோனில் நீட்டி முழக்கியபோது அக்கா பெண் நடுவிலேயே சிரித்துவிட்டாள். "எங்க லைன் மாதிரிதான், சித்தி! வேணுங்கிற பாகமெல்லாம் கைக்கு எட்டுற தட்டில் இருக்கணும். தட்டு சின்னதா இருந்தா ஸ்டோருக்கு ஆள் ஓடணும். அவர் வர்றதுக்குள்ளே லைன் நின்னுடும்" என்றாள். நான் நாலு நாள் படித்ததை அவள் நாலு வரியில் முடித்துவிட்டாள்!

அப்படியானால் எத்தனை படி வேண்டும்? 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5 பெட்டியில் மொத்தம் 16 ஜி.பி. இருக்கிறது. அதை மனத்தில் வைத்து விளையாட்டுகளைச் செய்யத் தொடங்கியதும், கம்ப்யூட்டர்காரர்கள் பாடும் திண்டாட்டமாயிற்று. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, குறைந்தபட்சமே 8 ஜி.பி. கார்டு கேட்கிறது. ஆகவே புதிய விளையாட்டு வேண்டுமென்றால் சாதாரணத் திரைக்கு 8. அதைவிடப் பெரிய திரைக்கு 12. 4கே என்கிறார்களே, அதற்கு 16 இருந்தால் நிம்மதி. 6 என்றால் சிக்கனக் குடித்தனம். பழைய விளையாட்டுகளுக்கு 4 போதும்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. 2025-ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. என்ற கார்டு ஒரே பெயரில் 8-லும் கிடைக்கிறது, 16-லும் கிடைக்கிறது. ஆகவே கடையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கிராபிக்ஸ் கார்டுக்குச் சொந்தமாக எத்தனை ஜி.பி.?" பில்லிலும் அதை எழுதச் சொல்லுங்கள்.

எங்கள் லாப்டாப் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அடுத்த வார லீவில் மூவரும் அதன் முன் உட்கார்ந்தோம். 'டெக்ஸ்சர்' என்ற இடத்தில் 'உயர்வு' என்றிருந்ததைப் பையன் 'தாழ்வு' என்று மாற்றினான். மரங்கள் இன்னும் அழகாகிவிடவில்லை. ஆனால் வீரன் நிற்காமல் ஓடினான்.

"ஸ்டோருக்கு ஓடுறது குறைஞ்சுடுச்சு" என்றாள் அக்கா பெண். ராத்திரி ஷிப்டு முடித்து வந்த கண்கள் சிவந்திருந்தன. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அதை விடுங்க, சித்தி. அடுத்த தடவையும் நீங்க வாங்க. ஆனா கேள்வியை நான் கேட்கிறேன். நீங்க தலையை மட்டும் ஆட்டாம இருங்க, போதும்!"