எதிர்க் கோஷ்டியில் நம்மவர்

உபாத்தியாயர் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிரிவுபசாரம் என்பது புதிய விஷயம் அல்ல. ஆண்டுதோறும் ஒரு வகுப்பு வருகிறது, ஒரு வகுப்பு போகிறது. உடன் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றால், நம் ஊராயிருந்தால் மாலையும் சந்தனமும் வாழ்த்து மடலும் உண்டு. நாம் வாழும் இந்த ஸியாட்டில் நகரிலோ ஒரு கேக்கை வெட்டி ஆளுக்குத் துண்டு கொடுத்துக் காரியத்தை முடித்துவிடுவார்கள். எப்படியானாலும் போகிறவர் போய்விடுவார். மறுநாள் காலையில் அவரே எதிர்வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு நம்மோடு வழக்காட மாட்டார் என்ற நிச்சயமாவது நமக்கு உண்டு. அந்த நிச்சயமும் இல்லாத ஒரு பிரிவுபசாரத்தை நாம் 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 23-ந் தேதி பார்த்தோம்.

பிரிந்தவர் இச்சிரோ ஸுஸுகி என்னும் ஜப்பானியர். அவர் ஆடிய ஆட்டம் பேஸ்பால். பேஸ்பால் என்றதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். அதைப் புரிந்துகொள்ள அதிக சிரமம் இல்லை. ஒருவர் பந்தை எறிகிறார்; இன்னொருவர் உருட்டு மட்டையால் அதை அடிக்கிறார். அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு, 90 அடி தூரத்திலுள்ள முதல் மூலைக்குப் பந்து வந்து சேருமுன் ஓடிச் சேர வேண்டும். நான்கு மூலைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். இப்படி அடித்துப் பத்திரமாய் மூலை சேருவதற்கு 'ஹிட்' என்று பெயர். 10 தடவை மட்டை பிடித்து 3 தடவை ஹிட் எடுப்பவர் மகா நிபுணர் என்று கொண்டாடப்படுகிறார். பத்துக்கு மூன்று! பள்ளிக்கூடத்தில் இந்த மார்க்கு வாங்கினால் நாம் பெற்றோரை அழைத்துவரச் சொல்லுவோம்.

மேற்படிப்புக்காக நாம் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தது 2001-ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் அவரும் இங்கே வந்து இறங்கினார். அவருக்கு அப்போது வயது 27. கோபே நகரத்து 'ஓரிக்ஸ் புளூவேவ்' கோஷ்டியில் ஒன்பது ஆண்டுகள் ஆடி, அவற்றில் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து தம் லீகில் மட்டையடியில் முதல்வராய் விளங்கியவர். ஜப்பானிலிருந்து அதற்கு முன்பும் சிலர் அமெரிக்காவுக்கு வந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் பந்து எறிபவர்கள். மட்டையை நம்பி வந்த முதல் ஜப்பானியர் இச்சிரோதான். அமெரிக்க மல்லர்களுக்கு நடுவே இந்த மெலிந்த மனிதர் என்ன செய்துவிடப் போகிறார் என்று கேட்டவர்கள் பலர்.

நகரத்தின் மனநிலையையும் சொல்ல வேண்டும். 'மாரினர்ஸ்' என்னும் ஸியாட்டில் கோஷ்டியை விட்டு, 1998-ல் ராண்டி ஜான்ஸன் என்னும் நெட்டை மனிதர் போயிருந்தார். 2000-ல் கென் கிரிஃபி போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் அலெக்ஸ் ராட்ரிகஸும் போனார். மூன்று பேரும் மகா சூரர்கள். இப்படி அடுத்தடுத்துப் பறிகொடுத்த ஊர் இது. புதிதாக வந்தவருக்கு, ஜான்ஸன் அணிந்திருந்த 51-ஆம் எண் சட்டையைக் கொடுத்தார்கள். அந்த எண்ணுக்கு இழுக்கு வராமல் பார்த்துக்கொள்வதாக இச்சிரோ ஜான்ஸனுக்குச் செய்தி எழுதியனுப்பினாராம்.

இழுக்கா வந்தது! அந்த ஆண்டில் 242 ஹிட்டுகள். 10-க்கு மூன்றரை என்ற விகிதம். எறிபவர் அசந்த சமயம் பார்த்து அடுத்த மூலைக்கு ஓடிவிடுவதை இந்த ஆட்டத்தில் 'திருட்டு' என்பார்கள். சட்டம் அனுமதிக்கும் அந்தத் திருட்டு 56. சிறந்த புதுமுகம் என்ற பட்டமும், லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற பட்டமும் ஒரே ஆண்டில் அவரை வந்தடைந்தன. கோஷ்டி 162 ஆட்டங்களில் 116-ல் வென்று, 1906-ல் சிக்காகோ 'கப்ஸ்' ஏற்படுத்திய சரித்திரத்தைச் சமன் செய்தது. அதன் பிறகு நடந்த இறுதிப் பந்தயங்களில் நமது கோஷ்டியைத் தோற்கடித்து அனுப்பியவர்கள் நியூயார்க் 'யாங்கீஸ்'. இந்தப் பெயரை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் மட்டை பிடிக்க வந்து நிற்பதே ஒரு காட்சி. வலது கையால் மட்டையைச் செங்குத்தாக எறிபவர் பக்கம் நீட்டுவார். இடது கையால் சட்டையின் தோள்பட்டையை லேசாக இழுத்துவிட்டுக்கொள்வார். ஒவ்வொரு முறையும் இதே கிரமம். பூஜையில் அமர்ந்தவர் ஆசமனம் செய்வது போல என்று சொன்னால் மிகையாகாது. இடது கைப் பக்கம் நின்று ஆடுபவராதலால் முதல் மூலைக்கு இரண்டடி கிட்டத்திலேயே இருப்பார். பந்து மட்டையில் படும்போதே பாதி ஓட்டம் தொடங்கிவிடும். மற்றவர்கள் பந்தை ஆகாயத்தில் அனுப்பிக் கரகோஷம் வாங்குவார்கள். இவரோ தரையில் மெதுவாய் உருளவிட்டு, எதிரிகள் அதை எடுத்து எறிவதற்குள் மூலையில் போய் நிற்பார். ஆகாயத்தில் அனுப்புவதை விட இதுவே நமக்குப் பிடித்தது. பலமில்லாதவன் புத்தியினாலும் காலினாலும் பிழைக்கிற வித்தை அல்லவா?

2004-ல் ஒரு பெரிய காரியம் நடந்தது. ஓர் ஆண்டில் எடுத்த ஹிட்டுகளுக்கு ஜார்ஜ் ஸிஸ்லர் என்பவர் 1920-ல் வைத்த 257 என்ற எல்லை, 84 ஆண்டுகளாக அசையாமல் நின்றது. அக்டோபர் 1-ந் தேதி ஸியாட்டிலில் இச்சிரோ அதைத் தாண்டினார். ஆண்டு முடிவில் கணக்கு 262. எல்லையைத் தாண்டியதும் அவர் நேரே ஓரத்து ஆசனங்களுக்கு நடந்துபோய், அங்கே வந்திருந்த ஸிஸ்லரின் வயது முதிர்ந்த மகளின் கையைப் பற்றி மரியாதை செய்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு பந்தயத்துக்காக ஸெயின்ட் லூயிஸ் நகரம் போனபோது, மனைவியுடன் ஸிஸ்லரின் கல்லறைக்குப் போய் மலர் வைத்துவிட்டு வந்தார். நாம் வெல்லுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்; தாம் வென்றவரின் கல்லறையைத் தேடிப் போகிறவர்கள் அபூர்வம்.

ஆனால் அந்த 2004-ல் நமது கோஷ்டி 99 ஆட்டங்களில் தோற்றது. 2001 முதல் பத்து ஆண்டுகள் இடைவிடாமல் ஆண்டுக்கு 200 ஹிட்டுக்குக் குறையாமல் எடுத்தார் இச்சிரோ. அந்தப் பத்தாவது ஆண்டில் கோஷ்டிக்குத் தோல்வி 101. முதல் ஆண்டுக்குப் பிறகு ஒரு தடவை கூட இறுதிப் பந்தயங்களுக்குள் அவருடன் இந்தக் கோஷ்டி நுழையவில்லை. “தமது கணக்குக்காக ஆடுகிறார், கோஷ்டிக்காக அல்ல” என்று குறை சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள். கூரை சரிந்த வீட்டில் ஒரு தச்சன் மட்டும் தினமும் வந்து வாசற்கதவை ஒழுங்காக இழைத்துக்கொண்டிருந்தால், வீடு ஒழுகுவதற்கு அவனையா நோவது? கூரை வேய வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். இது நமது தீர்ந்த அபிப்பிராயம்.

காலம் யாரையும் விடாது. 2011-ல் ஹிட்டுகள் 184-ஆகக் குறைந்தன. 2012-ல் வயது 38. தரையில் உருளும் பந்துகள் இப்போது அவருக்கு முன்னால் மூலைக்குப் போய்ச் சேர்ந்தன; ஒரு தப்படி வித்தியாசந்தான். பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒரு தப்படி அவர் பக்கம் இருந்தது.

ஜூலை 23-ந் தேதி திங்கட்கிழமை. மாலை ஆட்டத்துக்கு நாம் முன்பே சீட்டு வாங்கி வைத்திருந்தோம். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. பிற்பகலில் செய்தி வந்தது: இரண்டு இளம் பந்து எறிபவர்களைப் பெற்றுக்கொண்டு இச்சிரோவை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள்! அன்று மாலை நமது ஊரில் நம்மோடு ஆடப்போகிற எதிர்க் கோஷ்டியும் யாங்கீஸேதான். நெல்லைக் கொடுத்து உப்பு வாங்குவது போல் மனிதரைக் கொடுத்து மனிதரை வாங்கும் இந்த வழக்கம் நமக்கு என்றைக்குமே ருசித்ததில்லை. ஆனால் அன்றைய தினம் அந்தக் கோபத்தைக்கூட நிம்மதியாய் அநுபவிக்க வழியில்லாமற் போயிற்று. பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்து ஆண்டுகளை ஒரே கோஷ்டியில் கழித்தவரை அவருடைய சம்மதமின்றி மாற்றக் கூடாது என்பது விதி. இந்த மாற்றத்தைக் கேட்டவரே அவர்தான். இளைஞர்கள் நிரம்பிய கோஷ்டியில் அடுத்த ஆண்டு தமக்கு இடமிருப்பது முறையல்ல என்று தோன்றியதாக அவரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். விரட்டப்பட்டவருக்காக வருந்தலாம், ஓடிப்போனவரைத் திட்டலாம். முறையோடு விடை கேட்டுக்கொண்டு போகிறவரை என்ன செய்வது?

மைதானத்துக்கு அப்போது 'ஸேஃப்கோ' என்று பெயர். 2019 முதல் 'டி-மொபைல் பார்க்'. இரு கோஷ்டிக்கும் வலது கோடி ஒன்றுதான். ஆகையால் பதினோர் ஆண்டுகளுக்கு மேலாக அவர் காவல் நின்ற அதே புல்தரையில், அதே ஜனங்களுக்கு முன்னால், அன்று மாலை அவர் சாம்பல் நிறச் சட்டையில் வந்து நின்றார். அவருக்குப் பின்னாலிருந்த ஆசனங்களுக்கே '51-வது வட்டாரம்' என்று ரஸிகர்கள் பெயர் வைத்திருந்தார்கள். சட்டையில் எண் 31. நியூயார்க்கில் 51 என்பது பெர்னி வில்லியம்ஸ் என்ற மூத்த ஆட்டக்காரருக்குரிய எண். அதை இவர் கேட்கவில்லை. நமக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். 51-ஐ இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

எட்டாவது ஆளாக மட்டை பிடிக்க வந்தார். நமது ஊரிலே என்றால் முதல் ஆள். நமக்கு முன்வரிசையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், முதுகில் 51 எழுதிய சட்டையுடன் உட்கார்ந்திருந்தான். அவன் தகப்பனாரைப் பார்த்து, “அப்பா! இப்போது நாம் கை தட்டலாமா, கூடாதா?” என்று கேட்டான். தகப்பனார் பதில் சொல்லவில்லை. அவர் முன்பே எழுந்து நின்றுவிட்டிருந்தார். மைதானம் முழுவதும் எழுந்து நின்றது. பந்து எறிபவர் எறியாமல் காத்திருந்தார். இச்சிரோ தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, இடுப்பு வரை குனிந்து ஜனங்களை வணங்கினார்.

பிறகு கவசத்தை மாட்டிக்கொண்டார், மட்டையை நீட்டினார், தோள்பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பந்தை நடுக்கோடிக்கு அடித்து முதல் மூலையில் போய் நின்றார். ஹிட்! அடுத்த சில நிமிஷங்களில் இரண்டாவது மூலையைத் திருடினார். நமது கோஷ்டியிடமிருந்து திருடினார். நாம் சந்தோஷமாய்க் கத்தினோம். கத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தோம்; எல்லோரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஆட்டத்தில் யாங்கீஸ் 4-1 என்று வென்றது. திரும்பும்போது தோல்வியைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

நகரத்தின் மீதுள்ள அபிமானமா, மனிதரின் மீதுள்ள அபிமானமா, எது பெரிது என்று ரெயிலில் எதிரே உட்கார்ந்திருந்த இருவர் தர்க்கம் செய்தார்கள். அன்றைக்கு நமக்கு அந்தத் தர்க்கத்தில் சேரத் தோன்றவில்லை. இன்று கேட்டால் சொல்லுவோம்: கோஷ்டி என்பது ஒரு பெயர், சட்டைகளும் முதலாளிகளும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பதினோர் ஆண்டுகள் தினந்தோறும் நேரத்துக்கு வந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, வேலையைப் பிசகாமல் செய்து காட்டியவர் ஒரு மனிதர். நாம் எழுந்து நின்றது அந்த ஒழுங்குக்குத்தான்.

யாங்கீஸின் ஆட்டங்களைப் பார்க்கும் கெட்ட பழக்கம் நமக்கு அப்போது ஏற்பட்டது. நியூயார்க்கில் அவருக்கு இளமை திரும்பியது போலிருந்தது. அந்த ஆண்டின் மிச்சத்தில் 10-க்கு மூன்றுக்கு மேலேயே எடுத்தார். அக்டோபரில் இறுதிப் பந்தயங்களிலும் ஆடினார். நாம் கொடுக்க முடியாததை எதிரி கொடுத்தான். பின்னர் மயாமி கோஷ்டிக்குப் போய், 2016-ல் அமெரிக்காவில் தமது 3,000-வது ஹிட்டை எடுத்தார். 2018-ல் திரும்பவும் ஸியாட்டிலுக்கே வந்து சேர்ந்தார். 2025-ல் பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் இடம் பெற்றார். 394 பேர் வாக்களித்ததில் 393 பேர் அவருக்கே அளித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி ஸியாட்டில் கோஷ்டி அவருடைய 51-ஐ இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று விழா எடுத்தது. எல்லாம் பெருமைதான்; பத்திரிகைகள் விரிவாய் எழுதிவிட்டன.

அவர் கடைசியாக ஆடியது 2019-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21-ந் தேதி, டோக்கியோ நகரில், ஸியாட்டில் சட்டையில், 51-ஆம் எண்ணுடன். அங்கே மாலை, இங்கே விடியுமுன் இரண்டரை மணி. நாம் விழித்திருந்து பார்த்தோம். அன்றைக்கு ஒரு ஹிட்டும் இல்லை. கடைசித் தடவை தரையில் ஒரு பந்தை உருளவிட்டு, 45 வயதில், 2001-ல் ஓடினது போலவே ஓடினார். ஒரு தப்படியில் தவறிப்போயிற்று. அவர் வலது கோடிக்குப் போய் நின்றதும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராகத் தழுவிக்கொண்டு அவர் உள்ளே போனபோது, அந்த ஆண்டுதான் கோஷ்டிக்கு வந்து சேர்ந்திருந்த ஜப்பானிய வாலிபர் கிகுச்சி தேம்பி அழுதார்.

அன்று வியாழக்கிழமை; பள்ளிக்கூடம் உண்டு. முதல் வகுப்பில் தசம பின்னம் நடத்த வேண்டியிருந்தது. பலகையில் 3,089-ஐ 9,934-ஆல் வகுக்கும்படி எழுதிவிட்டு உட்கார்ந்தோம். அவர் அமெரிக்காவில் எடுத்த ஹிட்டுகள் முதல் எண். மட்டை பிடித்த தடவைகள் இரண்டாவது. பையன்கள் வகுத்துப் பார்த்து, 0.311 என்று சொன்னார்கள். சரி என்றோம்.