அரே மட்டும் ஏன் மாறுகிறது?

சி லேப் வைவாவில் தவறாமல் வரும் கேள்வி இது. "ஒரு ஃபங்ஷனுக்கு மதிப்பை எத்தனை விதமாக அனுப்பலாம்?" இரண்டு விதம், கால் பை வேல்யூ, கால் பை ரெஃபரன்ஸ் என்று ஒப்பித்தால் எக்ஸ்டர்னல் தலையாட்டிவிட்டு அடுத்த ரோல் நம்பரைக் கூப்பிடுவார். எங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் "சி-யில் ஒரு விதம்தான் சார்" என்றான். அவன் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவன். மேலே விளக்க ஆங்கிலம் ஒத்துழைக்கவில்லை. மார்க் போயிற்று. அவன் சொன்னதுதான் சரியான பதில் என்பதால், அவனால் சொல்ல முடியாமல் போன விளக்கத்தைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

(மாறி, செயற்கூறு, அணி என்று பாடநூலில் படித்தவர்கள் மன்னிக்கவும். லேப்பில் புழங்குகிற வேரியபிள், ஃபங்ஷன், அரே என்றே எழுதுகிறேன்.)

கவுன்சலிங்குக்காக மார்க் ஷீட்டையும் டிசியையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அலைந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். ஜெராக்ஸ் மேல் யார் என்ன கிறுக்கினாலும் வீட்டில் இருக்கும் ஒரிஜினலுக்கு ஒன்றும் ஆகாது. சி-யில் ஒரு வேரியபிளை ஃபங்ஷனுக்கு அனுப்புவது இதே கதைதான். மெயினில் ஒன்றில் 10, இன்னொன்றில் 20 வைத்துக்கொண்டு ஸ்வாப் என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுகிறோம். அதன் கைக்குப் போவது இரண்டு ஜெராக்ஸ். உள்ளே அவை இடம் மாறும். ஃபங்ஷன் முடிந்ததும் ஜெராக்ஸ் இரண்டும் குப்பைக்குப் போய்விடும். மெயினில் 10 பத்தாகவே, 20 இருபதாகவே இருக்கும். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை.

அடுத்த வாரம் அரே வருகிறது. ஐந்து பேர் மார்க்: 35, 48, 62, 71, 90. ஒவ்வொருவருக்கும் 5 கிரேஸ் மார்க் போடும் ஒரு ஃபங்ஷன் எழுதி அந்த அரேயை அனுப்புகிறோம். திரும்பி வந்து மெயினில் அச்சிட்டால் 40, 53, 67, 76, 95! போன வாரம் ஜெராக்ஸ் என்றார்களே, இப்போது ஒரிஜினல் எப்படி மாறியது? "அரே என்றால் ரெஃபரன்ஸில் போகும், எழுதிக்கோ" என்று விடை வரும். நாமும் எழுதிக்கொள்வோம்.

நடப்பது வேறு. சி-யில் ஒரு அரேயின் பெயரை அப்படியே ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், அது அந்த அரேயின் முதல் உறுப்பு மெமரியில் எங்கே இருக்கிறது என்ற விலாசமாக மாறிவிடும். வீட்டையே தூக்கிக் கொடுக்கவில்லை, வீட்டு விலாசம் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுக்கிறோம். அந்தச் சீட்டும் ஜெராக்ஸ்தான்! ஆனால் விலாசத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு போனாலும் போய்ச் சேருவது அதே வீடு. அங்கே போய்க் கதவுக்குப் பெயின்ட் அடித்தால் அடித்ததுதான்.

நம்பாதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மெயினில், அரேயின் பெயருக்கே நேராக ஏதாவது ஒன்றை அசைன் செய்து பாருங்கள். கம்பைலர் ஒப்புக்கொள்ளாது. அதே அரேயை வாங்கிக்கொண்ட ஃபங்ஷனுக்குள் போய், அதே பெயருக்குப் பூஜ்ஜியத்தை அசைன் செய்யுங்கள். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். வெளியே வந்து பார்த்தால் அரே பத்திரமாக இருக்கும். ஏனென்றால் சதுர அடைப்புக்குறி போட்டு எழுதியிருந்தாலும், ஃபங்ஷனுக்குள் இருப்பது அரே இல்லை, ஒரு பாயின்டர். நாம் அழித்தது சீட்டை மட்டும்தான்.

ஸ்கேன்எஃப்பில் எண்ணை வாங்கும்போது முறுக்குப் பிழிந்த மாதிரி ஒரு ஆம்பர்சேண்ட் போடுகிறோம், பெயரை வாங்கும்போது போடுவதில்லை. ஏன் என்று கேட்டால் "ஸ்ட்ரிங்குக்குத் தேவையில்லை" என்பார்கள். காரணம் இதேதான். எண்ணுக்கு விலாசச் சீட்டை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் அரே, பெயரைச் சொன்னாலே சீட்டு வந்துவிடுகிறது. ஆம்பர்சேண்ட் போட்டு எழுதும் ஸ்வாப்பும் அப்படியே. அதைக் கால் பை ரெஃபரன்ஸ் என்று அழைப்பது பழக்கம், அவ்வளவே. உண்மையான ரெஃபரன்ஸ் சி++ மொழியில்தான் இருக்கிறது. ஜாவாவில் அரேயை அனுப்பினாலும் போவது சீட்டின் ஜெராக்ஸ்தான்.

இப்படி ஏன் அமைத்தார்கள்? சி-க்கு முன்னோடியான பி மொழியில் அரே என்று அறிவித்தால், உறுப்புகளுக்கு இடம் ஒதுக்குவதோடு அவற்றின் விலாசத்தை வைக்கவும் தனியாக ஒரு இடம் ஒதுக்குவார்கள். டென்னிஸ் ரிட்சி சி-யில் ஸ்ட்ரக்சரைக் கொண்டுவரும்போது இது இடித்தது. யுனிக்ஸில் ஒரு கோப்பகப் பதிவு என்பது ஒரு எண்ணும் 14 எழுத்துப் பெயரும். வட்டில் இருக்கும் அதே உருவில் அது மெமரியில் உட்கார வேண்டும் என்றால், நடுவே விலாசத்தை எங்கே ஒளித்து வைப்பது? எங்கும் வைக்க வேண்டாம், பெயரைச் சொல்லும்போதெல்லாம் விலாசம் அப்போதைக்கு உருவாகட்டும் என்று முடிவு செய்தார். 1993-ல் சி-யின் வரலாற்றைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் இது விவரமாக இருக்கிறது. எனக்கு இது அழகான தீர்வாகவே படுகிறது.

அழகுதான், ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. விலாசச் சீட்டில் வீட்டில் எத்தனை அறை என்று எழுதியிருக்காது! மெயினில் சைஸ்ஆஃப் போட்டால் ஐந்து எண்ணுக்கு 20 பைட் என்று வரும். ஃபங்ஷனுக்குள் அதையே கேட்டால், இன்றைய 64 பிட் கணினியில் 8 வரும். அது சீட்டின் அளவு. அதை ஒரு எண்ணின் அளவான 4-ஆல் வகுத்து லூப் ஓட்டினால், ஐந்து பேரில் முதல் இருவருக்கு மட்டும் கிரேஸ் மார்க் கிடைக்கும். டர்போ சி-யின் நீலத்திரையில் வழக்கமான அமைப்பில் ஓட்டினால் இன்னும் மோசம், ஒருவருக்குத்தான் :-) அதனால்தான் அரேயோடு எத்தனை உறுப்பு என்ற எண்ணையும் சேர்த்து அனுப்பச் சொல்கிறார்கள். பல ரெக்கார்டு நோட்டுகளில் இந்தக் காரணம் ஒரு வரிகூட இருக்காது.

லேப்பில் இது வெறும் தப்பான அவுட்புட். வெளியே அப்படி இல்லை. கெட்ஸ் என்ற ஃபங்ஷன் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும், அளவைக் கேட்காது. 1988 நவம்பர் 2 அன்று கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் இணையத்தில் ஒரு புழுவை அவிழ்த்துவிட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று ஃபிங்கர் என்ற சேவை. அங்கே வரும் செய்தியை வாங்க 512 பைட் அரே இருந்தது, வாங்கியது கெட்ஸ். புழு 536 பைட் அனுப்பியது. மிச்சம் அடுத்த வீட்டுச் சுவரை இடித்துக்கொண்டு போய், ஃபங்ஷன் முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று எழுதி வைத்திருந்த இடத்தின் மேலேயே விழுந்தது. நிரல் புழு சொன்ன இடத்துக்குத் திரும்பியது. 2011-ல் வந்த சி தரநிலையில் கெட்ஸைத் தூக்கிவிட்டார்கள். அளவையும் கேட்டு வாங்கும் எஃப்கெட்ஸைத்தான் பயன்படுத்த வேண்டும். டி மொழியை உருவாக்கிய வால்டர் பிரைட் 2009-ல் எழுதிய ஒரு கட்டுரையில், சி செய்த மிகப்பெரிய தவறு என்று அரே பாயின்டராக மாறும் இந்த ஒன்றைத்தான் சொல்கிறார். ரிட்சி பக்கம் நியாயம் இருந்தாலும், பிரைட் சொல்வதை ஒதுக்க முடியவில்லை.

சரி, தேர்வில் என்ன எழுதுவது? கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் எழுதிய புத்தகத்திலேயே, சி-யில் கால் பை வேல்யூ மட்டும்தான் என்று தெளிவாக இருக்கிறது. இருந்தாலும் விடைத்தாளைத் திருத்துபவர் கையில் அந்தப் புத்தகம் இருக்காது, கீ இருக்கும். இரண்டு விதம் என்று எழுதிவிட்டு, இரண்டாவதன் கீழ் "விலாசத்தை மதிப்பாக அனுப்புவதால் இது நிகழ்கிறது" என்று ஒரு வரி சேர்ப்பது என் வழக்கம். மார்க்கும் வரும், பொய்யும் இல்லை. நண்பனுக்கு இது பிடிக்கவில்லை. "பயந்தாங்கொள்ளி பதில்டா" என்கிறான்.

இருபரிமாண அரேயில் முதல் அடைப்புக்குறியைக் காலியாக விடலாம், இரண்டாவதை விடக்கூடாது என்ற விதியும் இதிலிருந்தே வருகிறது. வரிசைக்கு நான்கு என்று அடுக்கியிருந்தால், உறுப்பு இரண்டு-ஒன்றுக்குப் போக 2 × 4 + 1, அதாவது 9 உறுப்புகளைத் தாண்ட வேண்டும். மொத்தம் எத்தனை வரிசை என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை, அந்த நான்கு தெரியாமல் ஒரு அடி எடுத்துவைக்க முடியாது.

நேரமிருந்தால் இன்னொன்றும் செய்து பாருங்கள். அதே ஐந்து மார்க்கையும் ஒரு ஸ்ட்ரக்சருக்குள் அரேயாக வைத்து, அந்த ஸ்ட்ரக்சரை கிரேஸ் மார்க் ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள். இப்போது சீட்டு போகாது, வீடே முழுசாக ஜெராக்ஸ் ஆகிப் போகும். உள்ளே 40, 53 என்று மாறும். வெளியே வந்தால் 35, 48, 62, 71, 90.