ரகுராஜ்பூர்: யாத்திரிகர் காசில் பிழைத்த ஓவிய ஊர்

பூரியிலிருந்து புவனேஸ்வரம் போகும் சாலையில் சந்தன்பூரில் இறங்கி உள்ளே திரும்பினால், பார்கவி ஆற்றங்கரைத் தென்னந்தோப்புகளுக்கு நடுவே ரகுராஜ்பூர் வந்துவிடும். எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவே சிறு கோயில்கள். ஊர் அவ்வளவுதான். படம் எழுதுகிற ஆள் இல்லாத வீடு இங்கே அரிது. ஒடிசி நடன மேதை கேளுசரண் மகாபாத்ரா பிறந்த ஊரும் இதுவே. 2000-இல் பாரம்பரியக் கிராமம் என்ற பெயர் கிடைத்தபின் சுற்றுலா வண்டிகள் ஓயாமல் வருகின்றன. திண்ணைதோறும் கடை விரித்திருப்பதைப் பார்த்து, ‘சாமி படம் சந்தைச் சரக்காகிவிட்டதே’ என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. இந்தக் கலையின் கதை அவர்கள் பக்கம் பேசவில்லை.

பட்டசித்திரம் என்னும் இந்தத் துணி ஓவியக் கலையின் வேர் பூரி ஜகந்நாதர் கோயிலில் இருக்கிறது, சந்தேகமில்லை. ஸ்நான பூர்ணிமையன்று 108 குடம் நீராடிய அக்கோயிலின் மூன்று தெய்வங்களுக்கும் காய்ச்சல் கண்டுவிடுவதாக ஐதீகம். அடுத்த பதினைந்து நாள் மூலவர் தரிசனம் கிடையாது. அந்நாட்களில் பூஜை கொள்பவை ‘அணசர பட்டி’ என்னும் துணி ஓவியங்கள். ஆனால் கோயிலுக்கு ஆண்டுக்கு மூன்று படம் போதும். மூன்று படத்தை நம்பி ஓர் ஊர் எப்படிச் சாப்பிடும்? ஓவியர்களுக்குச் சோறு போட்டவை பக்தர்கள் ஊருக்கு வாங்கிப்போன ‘ஜாத்ரி பட்டி’ என்ற சின்னப் படங்கள்தாம். சேவையும் வியாபாரமும் ஒரே கையில்தான் இருந்தன. மலிவான அச்சுப்படங்கள் வந்து அந்த வியாபாரத்தை அடித்தபோது, கோயில் அப்படியேதான் இருந்தது. ஓவியர்கள்தாம் தூரிகையை வைத்துவிட்டு வேறு வேலை தேடினார்கள். 1950-களில் ஹலினா ஸீலி என்ற அமெரிக்கப் பெண்மணி இவர்களை ஊக்குவித்து வெளியூர் வாங்குவோரைத் தேடித் தந்த பிறகே கலை மறுபடி தலையெடுத்தது.

சந்தை தரத்தைக் கெடுக்காதா என்ற கேள்வி நியாயமானது. முறையான படமென்றால், புளியங்கொட்டைப் பசையால் துணியோடு துணி ஒட்டி, சுண்ணப்பொடி பூசிக் காயவைத்து, கல்லால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். சங்கிலிருந்து வெள்ளை, விளக்குக்கரியிலிருந்து கறுப்பு, சாதிலிங்கத்தில் சிவப்பு, அரிதாரத்தில் மஞ்சள். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த விளாம்பிசின். நுணுக்கமான ஒரு படத்துக்கு மாதக்கணக்கில்கூட ஆகும். அதே திண்ணையில் கடைவண்ணம் தீட்டிய கண்ணாடிப் புட்டிகளும் விற்கின்றன. புட்டியைப் பார்த்து முகம் சுளிப்பது எளிது. ஆனால் அன்றைய ஜாத்ரி பட்டியும் அவசரமாக எழுதிய மலிவுப் படந்தான். அது பெரும்படத்தைக் கொல்லவில்லை, அதை எழுதும் கைக்குப் பழக்கமும் வருமானமும் தந்தது. உண்மையான ஆபத்து வேறு: வாங்குகிறவர்களை மட்டுமே நம்பிய பிழைப்பு, அவர்கள் வராத நாளில் நொடித்துப்போகும். 2019 மே மாதம் ஃபானி புயல் இந்த ஊரைச் சூறையாடியதற்கு மறு ஆண்டே கொரோனா வந்து வண்டிகளையும் நிறுத்தியது. இந்த ஆபத்துக்கு மருந்து, விற்பதை விடுவதன்று. நல்ல படத்துக்கு நல்ல விலை கிடைப்பது.

பூரிக்குப் போகும் தமிழர்களே, ஒரு வேளையை ரகுராஜ்பூருக்கும் ஒதுக்குங்கள். என்ன வண்ணம், எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.