அத்தானும் ஆறு லட்சமும்

போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா போன். "தம்பி, அத்தான் மனையை விக்கப் போறார்டா." அத்தோட என் தூக்கம் போச்சு.

அக்கா பொண்ணுக்கு ஒம்பது வயசுல டைப் 1 சர்க்கரை வந்தது. இப்போ பதினாலு. தினம் நாலு ஊசி. யாரோ ஒரு புண்ணியவான் அத்தான்கிட்ட, "இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து திரும்ப ஏத்தினா கணையம் புதுசாயிடும், ஊசியே வேணாம், ஆறு லட்சம்" என்று சொல்லியிருக்கிறார்.

வயித்தெரிச்சல் என்னன்னா, விஷயம் முழுப் பொய்யும் இல்லை.

ஹார்வர்டில் டக்ளஸ் மெல்டன் என்று ஒருத்தர். தவளை முட்டையை ஆராய்ந்து கொண்டிருந்தவர். 1991ல் கைக்குழந்தை மகன் சாமுக்கு டைப் 1 வந்ததும் எல்லாத்தையும் போட்டுவிட்டு கணையத்துக்கு வந்தார். பிறகு மகள் எம்மாவுக்கும் வந்தது. 2014ல் ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைச் செய்தே காட்டினார். அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் செம்மா. நம்மூர் 'செம்ம' இல்லீங்க, சாம் + எம்மா!

அந்த வழியில் வந்த சிகிச்சையின் முடிவு 2025ல் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷம் கழித்து இன்சுலின் தேவைப்படவில்லை. செல்களைக் கணையத்தில் வைப்பதில்லை, கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் விடுகிறார்கள். ஆனால் எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரைகளையும் தொடர்ந்து சாப்பிட வேண்டும். சோதனையில் சேர்ந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள், அதுவும் சர்க்கரை திடீரென்று இறங்கி ஆபத்துக்குப் போனவர்கள்.

அத்தானுக்குச் சொன்னது இது இல்லவே இல்லை. சொந்த மஜ்ஜையை ஏத்தினால் அது பீட்டா செல்லாக மாறி உட்காராது. அப்படியே புது செல் வந்தாலும், பழசை அழித்த அதே எதிர்ப்புசக்தி உள்ளேதானே இருக்கு? ஐசிஎம்ஆர் வழிகாட்டுதலும் சர்க்கரைக்கு இதைச் சோதனைக்கு வெளியே செய்யக்கூடாது என்கிறது. சோதனை என்றால் காசு கேட்கவே கூடாது.

ஞாயித்துக்கிழமை நேரிலேயே போய் இத்தனையும் சொன்னேன். அத்தான் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்ப நான் ஒண்ணுமே பண்ணக்கூடாதா மாப்ளே?" என்றார். எனக்குப் பதில் வரலை.

பொண்ணு சாப்பாட்டுக்கு முன்னால் ஊசியைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "மாமா, அந்தப் பத்து பேரும் இப்ப குலாப் ஜாமூன் சாப்பிடுவாங்களா?"

மனைப் பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கு. சாவி அக்காகிட்ட.