குழியானை சொல்லித் தந்த பாடம்



உங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில், தாழ்வாரத்துக்குக் கீழே, மழைத்துளி படாத புழுதி மண் இருந்தால் ஒரு கணம் குனிந்து பாருங்கள். சிறு புனலை வைத்து அழுத்தி எடுத்தது போன்ற குழிகள் தெரியும். அவற்றின் அடியில் ஒளிந்திருப்பதுதான் குழியானை. சிறு வயதில் நம்மில் பலர் ஈர்க்கிலால் கிண்டி அதை வெளியே எடுத்து, உள்ளங்கையில் விட்டு விளையாடியிருப்போம். அந்தச் சின்னஞ்சிறு பிராணியைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு பேசப் போகிறேன். அதன் விடயத்தில் நான் செய்த ஒரு தவறையும் மறைக்காமல் சொல்லப் போகிறேன்.

2018ஆம் ஆண்டு எங்கள் ஊர்ப் பெண்களுக்கான வாராந்த மார்க்க வகுப்பில் ஸூரத்துந் நம்லை விளக்கிக் கொண்டிருந்தேன். ஸுலைமான் (அலை) அவர்களின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தாரை எச்சரித்த எறும்பைப் பற்றி அந்த ஸூராவின் 18ஆம் வசனம் கூறுகிறது. பேச்சு எறும்பிலிருந்து அதைப் பிடித்துத் தின்னும் குழியானைக்குத் தாவியது. "குழியானையைப் பாருங்கள். அது வாழ்நாள் முழுவதும் பின்னோக்கியே நடக்கிறது. கடைசியில் ஒரு வண்டாகி அந்தப் புழுதியிலேயே மடிந்து விடுகிறது. மார்க்கத்தில் முன்னேறாத மனிதனின் நிலையும் இதுதான்" என்றேன். சகோதரிகள் தலையசைத்தார்கள். உவமை நன்றாக அமைந்துவிட்டதாக எனக்கும் ஒரு திருப்தி.

அந்தச் செய்தியை நான் எங்கே படித்தேன்? எங்கேயும் படிக்கவில்லை. யாரோ சொல்லக் கேட்டதாக ஒரு நினைவு, அவ்வளவுதான்.

ஏறக்குறைய இரண்டு மாதங்களின் பின் ஒரு நாள் வகுப்பு முடிந்ததும், எட்டாம் தரத்தில் படிக்கும் ஒரு பிள்ளை தன் உம்மாவின் பின்னால் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். கையில் ஒரு ஜேம் போத்தல்.

"மௌலவி, குழியானை வண்டாகிறதில்ல. இதுக்கு இறக்கை இரிக்கி" என்றாள்.

உம்மாவுக்கு முகம் சிவந்து விட்டது. "பெரியாக்கள்ட கதைக்கு எதிர்க்கதை கதைக்காத மகள்" என்று அதட்டினார். நானாவது அந்தப் பிள்ளைக்குப் பரிந்து பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் விளங்காது. வேறு ஏதாவது பூச்சி உள்ளே போயிருக்கும்" என்று சொல்லி விட்டு எழுந்தேன். என் தவறான செய்தியை விட, அந்த வார்த்தைதான் இன்றும் என் உள்ளத்தை உறுத்துகிறது. ஏனெனில் அதைச் சொல்லும்போது நான் போத்தலைப் பார்க்கவே இல்லை.

பிள்ளை அழவில்லை. ஒரு கொப்பியைத் திறந்து என் மேசையில் வைத்தாள். அதில் அவள் நாள்தோறும் கண்டவற்றைப் படத்துடன் எழுதியிருந்தாள். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து எழுதியவை. அவள் கண்டதையும், பின்னர் நான் நூல்களில் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

குழியில் இருப்பது முழு வளர்ச்சி பெற்ற பிராணியல்ல, அது குடம்பி. மண்ணோடு மண்ணாகத் தெரியும் சாம்பல் கலந்த நிறம். வயிறு பருத்திருக்கும். தலை தட்டையானது. தலையின் முன்னே அரிவாள் போல் வளைந்த இரண்டு தாடைகள். அவற்றின் உட்புறத்தில் பக்கத்துக்கு மூன்று முட்கள் என்று பிள்ளை எண்ணி எழுதியிருந்தாள். ஒவ்வொரு தாடையும் இரண்டு பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தி அமைந்த ஒரு குழாய். அதன் வழியே எறும்பின் உடலுக்குள் நஞ்சையும் சமிபாட்டு நீரையும் செலுத்தி, உள்ளே கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கிறது. பிறகு வெறும் கோதைத் தலையால் வெளியே வீசி விடுகிறது.

உடலெங்கும் முன்னோக்கிச் சாய்ந்த மயிர்கள். பெரிய எறும்பொன்று திமிறி இழுத்தாலும் அவை மண்ணில் ஊன்றிக் கொண்டு குழியானையை அசைய விடா. பின்னங்கால்கள் மண்ணைத் தோண்டிப் பின்னோக்கிச் செல்வதற்கென்றே உறுதியாக அமைந்தவை. குழியின் சரிவோ, மணல் சரியாமல் நிற்கக்கூடிய கடைசி எல்லையில் இருக்கும். எறும்பின் கால் பட்டதும் மணல் வழுக்கும். கீழேயிருந்து குழியானை மண்ணை வாரி எறிய மேலும் சரியும். இன்னொரு வியப்பும் உண்டு. குடம்பிப் பருவம் முழுவதும் அது மலம் கழிப்பதில்லை. இரை கிடைப்பதைப் பொறுத்து ஓராண்டு, இரண்டாண்டு என நீளக்கூடிய அந்தப் பருவத்தின் கழிவெல்லாம் உள்ளேயே தங்கி, இறக்கை முளைத்து வெளிவந்த பிறகே வெளியேறுகிறது. ஸுப்ஹானல்லாஹ்!

வளர்ந்து முடிந்ததும் அது தன் உடலின் பின்நுனியிலிருந்து பட்டு நூல் விட்டு, மணலையும் சேர்த்துப் பயறளவு உருண்டையொன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே அடைபடுகிறது. அந்த உருண்டையைக் கண்ட உம்மா, போத்தலில் வெறும் மண்தான் இருக்கிறதென்று கொட்டப் போனாராம். பிள்ளை கெஞ்சி வாங்கி வைத்திருக்கிறாள். உள்ளே ஓர் ஈர்க்கில் துண்டையும் நட்டு வைத்திருக்கிறாள். சுமார் ஒரு மாதத்தின் பின், ஓர் இரவு அதிலிருந்து வெளிவந்தது அந்த ஈர்க்கிலில் ஏறித் தொங்கி இறக்கைகளை விரித்திருக்கிறது.

கொப்பியைப் படித்த பிறகே நான் போத்தலைக் கையில் எடுத்தேன். உள்ளே இருந்தது வண்டல்ல. மெலிந்து நீண்ட உடல். வலை பின்னியது போன்ற நரம்புகளோடு, கண்ணாடி போன்ற நான்கு இறக்கைகள். முதல் பார்வைக்குத் தும்பி என்றே தோன்றியது. ஆனால் பிள்ளை வேறுபாட்டையும் எழுதியிருந்தாள். தும்பியின் உணர்கொம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகிய மயிர். இதனுடையதோ நுனி தடித்து வளைந்தது. தும்பி இறக்கைகளைக் கூரை போல் மடித்து உடலை மூடுவதில்லை, இது மூடுகிறது. இரவில் நம் வீட்டு பல்ப் வெளிச்சத்துக்கு வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பூச்சியை நானும் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். அது நம் முற்றத்துக் குழியானைதான் என்பது தெரியாமலே!

"மௌலவி, இது உலகத்தில ஆரும் காணாத புது இனமா இரிக்குமா?" என்று பிள்ளை கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று அன்று சொன்னேன். அந்த மட்டில் அல்ஹம்துலில்லாஹ்.

பிறகு தேடிப் படித்தேன். உலகில் சுமார் 2000 வகைக் குழியானைகள் அறியப்பட்டுள்ளன. குழி தோண்டுவது அவற்றில் ஒரு பகுதி மட்டுமே. புதிய இனம் என்று ஒன்றை அறிவிப்பது எளிதல்ல. உணர்கொம்பின் நீளம், இறக்கையின் புள்ளிகள், நரம்புகள் பிரியும் இடம், காலின் முட்கள், ஆணின் வயிற்று நுனி ஆகிய எல்லாவற்றையும் அளந்து, வரைந்து, ஏற்கெனவே அறிந்த இனங்களோடு ஒப்பிட வேண்டும். எந்தப் பிராணியைப் பார்த்து எழுதினாரோ அதையே நூதனசாலை போன்ற ஓரிடத்தில் பாதுகாத்து வைக்க வேண்டும். சந்தேகம் வந்தவர் நூறாண்டு கழித்தும் அதை எடுத்துப் பார்க்கலாம். குடம்பியும் இறக்கை முளைத்ததும் ஒரே இனம்தான் என்று உறுதி செய்வதற்கோ, இந்தப் பிள்ளை செய்தது போல் வளர்த்துப் பார்ப்பதே நல்ல வழி.

ஐரோப்பாவின் சாதாரணக் குழியானைக்கு 1767ஆம் ஆண்டில் லின்னேயஸ் விஞ்ஞானப் பெயரிட்டார். அதே கண்டத்தில், அதைப் போலவே புள்ளியில்லாத இறக்கைகளைக் கொண்ட இன்னோர் இனத்தை 1941ஆம் ஆண்டிலேயே போ ஷேடர் என்ற ஆய்வாளர் புதிதாக விவரித்தார். இடையில் 174 ஆண்டுகள்! ஒன்று போல் தோன்றியவற்றைப் பிரித்தறிய ஒருவர் பொறுமையோடு உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது.

இதைப் படித்தபோது நான் அரபுக் கல்லூரியில் ஓதிய ஹதீஸ் கலைதான் நினைவுக்கு வந்தது. ஒரே பெயருடைய இரண்டு அறிவிப்பாளர்களை ஒருவரென்று எண்ணிக் குழம்பாதிருக்க, ஹிஜ்ரி 463இல் வபாத்தான கதீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் தனியொரு கிரந்தமே எழுதியிருக்கிறார்கள். யாரிடம் கேட்டார், எந்த ஊர், எந்தக் காலம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்த சமுதாயம் நாம். லிஸானுல் அரப் என்ற அகராதியைப் புரட்டினேன். சுவரோரத்துப் புழுதியில் வட்டமிட்டு உள்ளே புதைந்து, சீண்டினால் மண்ணை மேலே வீசும் சிறு பிராணி என்று 'லைஸு இஃபிர்ரீன்' எனும் பெயரின் கீழ் விளக்கம் இருக்கிறது. லைஸ் என்றால் சிங்கம். நாம் யானை என்றோம். அரபியர் சிங்கம் என்றார்கள். ஆனால் குனிந்து பார்த்த பிறகே அவர்கள் எழுதினார்கள். அவர்களுடைய நூல்களை ஓதிய நானோ பார்க்காமலே பேசினேன்.

அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் ஸூரத்துல் இஸ்ராவின் 36ஆம் வசனம் எச்சரிப்பதை எத்தனையோ பேருக்கு ஓதிக் காட்டியிருக்கிறேன். ஓர் உவமை அழகாக இருக்கிறது என்பதற்காக அல்லாஹ்வின் படைப்பைப் பற்றி இல்லாததைச் சொல்ல எனக்கு என்ன உரிமை? நல்ல நோக்கம் பொய்யை உண்மையாக்கி விடாது.

அடுத்த வார வகுப்பில், அந்தப் பிள்ளையை முன்வரிசையில் அமர்த்தி, நான் சொன்னது பிழை என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். கொப்பியையும் கைமாற்றிக் காட்டினேன். போத்தல் காலியாக இருந்தது. அந்தப் பூச்சியை அவள் முன்னைய வாரமே பறக்க விட்டிருந்தாள். சபையில் ஒருவரும் என்னைக் குறைவாக எண்ணியதாகத் தெரியவில்லை. அந்த உம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சகோதரிகளே, உங்கள் மகளும் நாளை ஒரு போத்தலோடு வரலாம். மண்ணை அள்ளி வீட்டை அழுக்காக்கி விட்டாள் என்றோ, பொம்பிளப் பிள்ளைக்கு இது எதற்கு என்றோ அதைக் கொட்டி விடாதீர்கள். அவள் சொல்வது நீங்கள் அறிந்ததற்கு மாறாக இருந்தால், அதட்டுவதற்கு முன் போத்தலைக் கையில் எடுத்துப் பாருங்கள். நான் பார்க்கத் தவறியதை நீங்களாவது பாருங்கள்.

நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் பயனுள்ள அறிவையும், தவறை ஒப்புக்கொள்ளும் உள்ளத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.