மன்னர் விரும்பின்

"செயின்" என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தைக் கற்பிக்குங்கால், "இதனால் என்ன பயன், ஐயா?" என்று வினவும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவரேனும் இருப்பர். அவருக்கு நான் நன்னூலை விடுத்து நம் கடற்கரைக் கோட்டையைக் காட்டுவதுண்டு.

வணிகர்க்கு இந்த எச்சத்தின் வலிமை நன்கு தெரியும். புகையிலைச் சிப்பம் விற்போனும் வாங்குவோனும் எழுதும் உடன்படிக்கையில், "சரக்குப் பழுதின்றிச் சேரின்" என்னும் வாசகம் இருப்பின் ஒருவன் பிழைப்பான். இல்லையேல் மற்றவன் பிழைப்பான். நம் ஊரைத் தொட்ட வழக்கும் அத்தகையதே. அங்கே சரக்குக் கறுவா. வாங்க வந்தோர் ஒல்லாந்த வணிகக் கம்பனியார்.

1638ஆம் ஆண்டு மே மாதம், மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்த சில நாள்களுள், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் கம்பனியின் கடற்படைத் தலைவன் வெஸ்டர்வோல்டும் உடன்படிக்கை செய்தனர். போர்த்துக்கேயரைத் துரத்தக் கம்பனி உதவும். செலவை மன்னன் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பண்டங்களால் ஈடு செய்வான். மூன்றாம் பிரிவு, கைப்பற்றிய கோட்டைகளிற் காவற்படை வைப்பதைப் பற்றியது. மன்னனிடம் கொடுத்த போர்த்துக்கேய மொழிப் படியில், அவன் விரும்பினால் மட்டுமே ஒல்லாந்தர் படை வைக்கலாம் என்றிருந்தது. ஒல்லாந்த மொழிப் படியிலோ அந்நிபந்தனை இல்லை! பகைவனைத் துரத்தச் செய்த ஒப்பந்தத்திற்குப் பகைவனின் மொழியே பொதுமொழியாயிற்று என்பது ஒரு வேடிக்கை.

எழுதியவர் கைத்தவறு என்பாரும் உளர். கைத்தவறாயின் அது வணிகருக்கு ஆதாயமான பக்கத்திலேயே நேர்ந்தது எங்ஙனம்? என் மனம் அதனை ஏற்பதில்லை.

1639 மே மாதத்தில், கோணேசர் கோயிலை இடித்த கற்களால் போர்த்துக்கேயர் எழுப்பியிருந்த நம் திருகோணமலைக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. மறுஆண்டு நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்தன. மன்னன் தன் படியைக் காட்டிக் கோட்டைகளைக் கேட்டான். கம்பனியார் கணக்கேட்டைக் காட்டிக் கடனைக் கேட்டனர். கறுவா விளையும் மேற்குக் கரையில் இருந்த காலியை அவர்கள் விடவில்லை. கறுவா விளையாத கிழக்கின் திருகோணமலையை மன்னனிடம் விட்டனர்; அவன் அக்கோட்டையைத் தகர்த்தான். எதனைக் கொடுத்தனர், எதனை வைத்துக்கொண்டனர் என்று பார்த்தாலே வணிகர் உள்ளம் விளங்கும். காலியை வென்ற கொஸ்டர் 1640இல் கண்டிக்குச் சென்று வழக்காடித் திரும்பும் வழியிற் கொலையுண்டான். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் இன்றும் இதனைப் பழமொழியாகக் கூறுவர்.

1656இல் கொழும்பு வீழ்ந்தபோதும் மன்னனுக்கு நகரின் வாயில் திறக்கவில்லை. 1665இல் ஒல்லாந்தர் மீண்டும் நம் துறைமுகத்திற்கு வந்து கோட்டை கட்டினர். அம்முறை மன்னன் விரும்பினானா என்று எவரும் கேட்கவில்லை.